பழைய காருக்குப் புது இதயம்: ‘ஹாஃப்-கட்’ எஞ்சின் மாற்றுவதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாடாங் செராயிலிருந்து கூலிம் போகும் சாலையில் ஒரு பழைய கான்சில் உங்களை முந்திக்கொண்டு போகிறது. பார்த்தால் சாதாரணக் கார்தான். பெயின்ட் மங்கியிருக்கு, பின் பம்பரில் கீறல் இருக்கு. ஆனால் போகிற வேகமும், கியர் மாற்றும்போது வரும் ‘புஸ்’ சத்தமும் கான்சிலுக்கு உரியவை அல்ல. “எஞ்சின் மாத்திட்டான்டா” என்று பக்கத்து சீட்டில் இருக்கும் தம்பி சொல்வான். பெரும்பாலும் அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாலிங் வட்டாரங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய காட்சி இல்லை. அப்பா ஓட்டிய புரோட்டோன் சாகா, மாமா விற்காமல் வைத்திருக்கும் கேஈ70 கொரோலா, அக்கா முதல் சம்பளத்தில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் வீரா என்று ஏதோ ஒரு பழைய கார் பல வீடுகளில் நிற்கிறது. எஞ்சின் தேய்ந்துபோனதும் அதே கேள்வி எழுகிறது: “பழைய எஞ்சினைப் பிரித்துச் சரி பண்ணலாமா? இல்லை, ஜப்பான் எஞ்சின் ஒன்றை ஏத்திடலாமா?”

அந்தக் கேள்விக்கான விளக்கம்தான் இது.

சுருக்கமாக:

- எஞ்சினை மாற்றுவது மலேசியாவில் குற்றமல்ல. மாற்றியதைப் பதிவு செய்யாமல் ஓட்டுவதுதான் சிக்கல்.
- நம் சாலை வரி எஞ்சினின் சிசி அளவைப் பொறுத்தது. எந்த எஞ்சின் பிரபலமாகிறது என்பதை அதுவே பெரும்பாலும் முடிவு செய்கிறது.
- எஞ்சின் பெரிதானால் பிரேக்கும் அதற்கு ஈடாக மாற வேண்டும். செலவு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான்.
- பதிவு செய்யாத எஞ்சின் பல வருடம் கண்ணில் படாமல் ஓடலாம். காரை விற்கும் நாளில் அல்லது விபத்து நடந்த நாளில் அது வெளியே வந்துவிடும்.

எஞ்சின் மாற்று என்றால் என்ன?

ஒரு காரின் உடலை வைத்துக்கொண்டு, அதில் இருந்த எஞ்சினை எடுத்துவிட்டு வேறொரு காரின் எஞ்சினைப் பொருத்துவதுதான் எஞ்சின் மாற்று. அதே மாடல் எஞ்சினைத் திரும்பப் போட்டால் அது பழுதுபார்ப்பு. வேறு ரகம், வேறு கொள்ளளவு, டர்போ உள்ளது என்று போனால் அது மாற்றியமைப்பு. இரண்டுக்கும் வேலையும் வேறு, காகிதமும் வேறு.

இந்தப் பழக்கம் அமெரிக்காவில் மிகவும் பழையது. 1964-இல் வந்த பொண்டியாக் ஜிடிஓ, அதே ஆண்டு அறிமுகமான ஃபோர்ட் மஸ்டாங் போன்றவை ‘மசல் கார்’ காலத்தின் அடையாளங்கள். நடுத்தர அளவு உடலில் பெரிய வி8 எஞ்சினை வைத்து நேர்சாலையில் பறக்கவிடுவதே அவற்றின் தத்துவம். அந்தப் பழைய கார்களுக்கு இன்று புது எஞ்சின் போடுவோர் பெரும்பாலும் அமெரிக்க வி8-ஐத்தான் தேடுகிறார்கள். ஜப்பானிய எஞ்சினைப் போட்டால் அங்கே சண்டையே வரும்.

அந்தச் சண்டையை உலகத்துக்கே காட்டியது ஒரு சினிமா. 2006-இல் வந்த ‘டோக்கியோ ட்ரிஃப்ட்’ படத்தில், 1967 மாடல் மஸ்டாங் ஒன்றுக்கு நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26 எஞ்சினைப் பொருத்துவார்கள். அமெரிக்க உடலில் ஜப்பானிய எஞ்சின்! மசல் கார் ரசிகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். நம்ம பக்கத்துப் பசங்களோ, “இதைத்தானே நாம் தினமும் பண்றோம்” என்று நினைத்திருப்பார்கள்.

கெடாவில் ஏன் மஸ்டாங் இல்லை?

காரணம் ரசனை இல்லை, ரோட்டெக்ஸ்.

தீபகற்ப மலேசியாவில் தனியார் செலூன் கார்களின் சாலை வரி எஞ்சினின் சிசி அளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. வழக்கமான அட்டவணை இப்படிப் போகிறது:

- 1000 சிசி வரை: 20 ரிங்கிட்
- 1001 முதல் 1200 வரை: 55 ரிங்கிட்
- 1201 முதல் 1400 வரை: 70 ரிங்கிட்
- 1401 முதல் 1600 வரை: 90 ரிங்கிட்
- 1601 முதல் 1800 வரை: 200 ரிங்கிட், 1600-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 40 சென்
- 1801 முதல் 2000 வரை: 280 ரிங்கிட், 1800-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 50 சென்
- 2001 முதல் 2500 வரை: 380 ரிங்கிட், 2000-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 1 ரிங்கிட்
- 2501 முதல் 3000 வரை: 880 ரிங்கிட்; 2500-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 2 ரிங்கிட் 50 சென்
- 3000-க்கு மேல்: 2,130 ரிங்கிட், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 4 ரிங்கிட் 50 சென்

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1967 மஸ்டாங்கின் 4.7 லிட்டர் வி8 எஞ்சின் சுமார் 4,736 சிசி. இந்த அட்டவணைப்படி ஆண்டுக்கு ஏறக்குறைய 9,940 ரிங்கிட் வரும். சினிமாவில் போட்ட ஆர்பி26 எஞ்சின் 2,568 சிசி. அதற்கு 1,050 ரிங்கிட். அதே உடல், ஆனால் வரி ஒன்பதில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறங்கிவிடுகிறது.

இந்த ஒரு கணக்கே நம் ஊர்ப் பட்டறைகளின் போக்கை விளக்கிவிடும். அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு, சாலை அகலம். அங்கே அதிக சக்தி வேண்டும் என்றால் எஞ்சினைப் பெரிதாக்கினார்கள். நமக்கோ 1600 சிசியைத் தாண்டினாலே கை சுடும். ஆகவே சின்ன எஞ்சினிலிருந்து அதிக சக்தியைக் கறக்கும் ஜப்பானியத் தொழில்நுட்பம் நமக்குப் பொருத்தமாக அமைந்தது.

‘ஹாஃப்-கட்’ எங்கிருந்து வருகிறது?

பட்டறை வாசலில் காரின் முன்பாதி மட்டும் வெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், ஒயரிங், சில நேரம் டாஷ்போர்டு வரை அதிலேயே இருக்கும். மலாய்க்காரரும் சீனரும் நாமும் ஒரே பெயரில் சொல்கிறோம்: ஹாஃப்-கட்.

ஜப்பானில் ஒரு புதிய காருக்கு மூன்று ஆண்டுகள் கழித்து முதல் கட்டாயச் சோதனை. அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. சோதனைச் செலவோடு, 13 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு வரியும் கூடுகிறது. நன்றாக ஓடும் காரையே அங்குள்ளவர்கள் சீக்கிரம் கைமாற்றவோ கழிக்கவோ இதுவும் ஒரு காரணம். அப்படிக் கழிக்கப்பட்டவற்றின் பாகங்கள் கப்பலேறி உலகம் முழுக்கப் போகின்றன.

முழுக் காராக இறக்குமதி செய்வதற்கு மலேசியாவில் ஏபி எனப்படும் சிறப்பு அனுமதியும் உயர்ந்த வரிகளும் உண்டு. வெட்டிய பாதியோ பயன்படுத்திய உதிரிப்பாகக் கணக்கில் வருகிறது. சட்டத்தின் இந்த இடைவெளியில்தான் ஹாஃப்-கட் வியாபாரம் வளர்ந்தது.

அரசாங்கம் இதை ஒருமுறை நிறுத்தவும் பார்த்தது. 2009 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வில், பயன்படுத்திய உதிரிப்பாகங்களின் இறக்குமதியை 2011 ஜூன் முதல் தடை செய்யப்போவதாகச் சொன்னது. பாதுகாப்புதான் காரணம் என்றது. உதிரிப்பாக வியாபாரிகளும் பட்டறைக்காரர்களும் எதிர்த்தார்கள். பழைய காரை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் புதுப் பாகத்துக்கு எங்கே போவது என்ற கேள்வியும் எழுந்தது. தடை நடப்புக்கு வரவில்லை.

எந்தக் காருக்கு எந்த எஞ்சின்?

எல்லா எஞ்சினும் எல்லாக் காரிலும் உட்காராது. நம் பக்கம் அதிகம் பேசப்படும் சோடிகள் இவை.

முதலாவது, டொயோட்டா கேஈ70. ‘டிஎக்ஸ்’ என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். பின்சக்கரம் இழுக்கும் பழைய கொரோலா. இதில் 1.3 லிட்டர் எஞ்சின் இருந்தது. அதை எடுத்துவிட்டு 4ஏ-ஜிஇ எஞ்சினைப் போடுவது வெகுகால வழக்கம். இது 1,587 சிசி, இரட்டை கேம்ஷாஃப்ட் கொண்டது. 1983-இல் வந்த ஏஇ86 கொரோலாவில் இருந்த அதே எஞ்சின். கேஈ70-உம் ஏஇ86-உம் நெருங்கிய உறவுக்கார உடல்கள் என்பதால் சஸ்பென்ஷன், பிரேக் பாகங்களையும் சேர்த்தே மாற்ற முடிகிறது. சாலை வரி 70 ரிங்கிட்டிலிருந்து 90 ரிங்கிட் ஆகும், அவ்வளவுதான்.

இரண்டாவது, புரோட்டோன் வீராவும் சத்ரியாவும். 1985-இல் வந்த முதல் சாகாவிலிருந்தே புரோட்டோனின் அடித்தளம் மிட்சுபிஷிதான். 1993-இல் வந்த வீரா, அக்கால லான்சரின் உடன்பிறப்பு. அதே தலைமுறை லான்சர் உடலில்தான் மிட்சுபிஷி ‘எவொலூஷன்’ ஒன்று முதல் மூன்று வரை கட்டியது. அதனால் எஞ்சின் நிற்கும் இடம், தாங்கிகள், ஒயரிங் வழி எல்லாம் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

இங்கே மூன்று படிகள் உண்டு. 1.5 லிட்டர் வீரா ஏறக்குறைய 90 குதிரைசக்தி தரும். அதில் 4ஜி92 மைவெக் எஞ்சினைப் போட்டால் 175 குதிரைசக்தி. ஆனால் அதன் கொள்ளளவு 1,597 சிசிதான், ஆகவே வரி அதே 90 ரிங்கிட். 4ஜி93 போட்டால் 1,834 சிசி, வரி 297 ரிங்கிட். எவொலூஷன் மூன்றின் 4ஜி63 டர்போ போட்டால் 270 குதிரைசக்தி, 1,997 சிசி, வரி 380 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. நான்கு சக்கர இழுவையோடு மாற்றினால் தரைத்தகடு முதல் பின்அச்சு வரை வேலை. அது ஒரு வார இறுதியில் முடியாது.

மூன்றாவது, நம்ம கான்சில். 1994-இல் பெரோடுவா கொண்டுவந்த இந்தச் சின்னக் காரின் மூலம் டைஹாட்சு மிரா. ஜப்பானில் இந்த ரகக் கார்களுக்கு 1990 முதல் 660 சிசி வரம்பு. சக்தியையும் 64 குதிரைசக்திக்கு மேல் தருவதில்லை என்று தயாரிப்பாளர்கள் தமக்குள் ஒத்துக்கொண்டார்கள். மிராவின் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின், ஜேபி-ஜேஎல், அந்த 64-ஐத் தொடும். கான்சில் 660-இன் சொந்த எஞ்சினைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வரி? 659 சிசி என்பதால் அதே 20 ரிங்கிட்.

பட்டறையில் ஃபோர்மேனிடம் யாராவது, “அண்ணே, ரோட்டெக்ஸ் ஏறுமா?” என்று முதலில் கேட்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

தோட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ரப்பர் தோட்டம் என்றால் பால்மரமும் லயமும் மட்டும் நினைவுக்கு வரும். ஆனால் தோட்டத்தில் ஆலை இருந்தது, லாரி, டிராக்டர் இருந்தது, மின்னாக்கி இருந்தது. இவற்றை ஓட வைக்க ஆள் வேண்டும். பட்டணத்திலிருந்து பாகம் வரும்வரை வேலை நிற்க முடியாது. இருப்பதை வைத்து ஓட வைக்கும் கைத்திறன் அங்கே வளர்ந்தது. ஒரு எஞ்சினின் பாகத்தை இன்னொன்றில் பொருத்திப் பார்ப்பது அந்தக் கைகளுக்கு அந்நியமான வேலை அல்ல.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும், துண்டாடப்பட்டும், வீட்டுமனையாகவும் ஆனபோது மக்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம், லுனாஸ் பக்கத்துத் தாமான்களுக்கு வந்தார்கள். தோட்டத்தில் இருந்தவரை வேலைக்கும் பள்ளிக்கும் சைக்கிள் போதும். தாமானில் இருந்து தொழிற்சாலைக்குப் போக வண்டி வேண்டும். முதலில் மோட்டார் சைக்கிள், பிறகு பழைய கார். புதுக் கார் தவணை கட்ட முடியாத வீட்டில், பழைய காரை இன்னும் பத்து வருடம் ஓட வைப்பது ஆசையில்லை, தேவை.

கெடாவே ஒரு வாகன மாநிலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மொடனாஸ் மோட்டார் சைக்கிள் ஆலை குரூனில் இருக்கிறது. 1996-இல் வந்த கிரிஸ் அங்கிருந்து வந்ததுதான். கூலிமில் உள்ள இனோகோம் ஆலையில் மாஸ்டா, பிஎம்டபிள்யூ முதலிய கார்கள் பொருத்தப்படுகின்றன. 2022 முதல் போர்ஷே கயென் கூட அங்கே பொருத்தப்படுகிறது. பகலில் வெளிநாட்டுக் கார்களைப் பொருத்தும் ஊரில், மாலையில் வீட்டு ஓரத்துக் கொட்டகையில் பழைய வீராவுக்கு எஞ்சின் ஏறுகிறது. இரண்டும் ஒரே கைத்தொழிலின் இரு முனைகள். வித்தியாசம் ஒன்றுதான்: ஆலையில் ஒவ்வொரு திருகுக்கும் கணக்கு இருக்கிறது.

பட்டறையில் என்னதான் நடக்கிறது?

“ஏத்தி இறக்குறதுதானே” என்று தோன்றும். உண்மையில் எஞ்சினைத் தூக்கி வைப்பது சுலபமான பகுதி. நேரம் தின்னும் வேலைகள் வேறு.

தாங்கிகள்: எஞ்சினைப் பிடித்து நிற்கும் மவுண்டிங் சரியான இடத்தில் இருக்க வேண்டும். ஒரு விரற்கடை தள்ளினாலும் கியர்பாக்ஸ் கோணம் மாறும், டிரைவ் ஷாஃப்ட் சீக்கிரம் போகும். வெல்டிங் நல்ல கையில் இருக்க வேண்டும்.

பெட்ரோல்: பழைய கார்புரேட்டர் காருக்குப் பெட்ரோல் மெதுவாக வந்தாலே போதும். ஊசி முறை எஞ்சினுக்கு ஏறக்குறைய பத்து மடங்கு அழுத்தம் தேவை. ஆகவே பம்ப், குழாய், டாங்கிக்குத் திரும்பும் வழி, மூன்றையும் மாற்ற வேண்டும். பழைய ரப்பர் குழாயை அப்படியே விட்டால் அது வெடித்துச் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் தெளிக்கும். கார் தீப்பிடிக்க அதுவே போதும்.

ஒயரிங்: கணினிப் பெட்டி இல்லாமல் நவீன எஞ்சின் உயிர்பெறாது. ஹாஃப்-கட் வாங்கும்போது அதே எஞ்சினின் கணினிப் பெட்டியும் வெட்டுப்படாத ஒயரிங்கும் கூடவே வர வேண்டும். இல்லையென்றால் ஒயர் தேடியே மாதங்கள் ஓடிவிடும்.

குளிர்ச்சி: சக்தி கூடினால் சூடும் கூடும். சின்ன ரேடியேட்டரோடு நண்பகல் நெரிசலில் நின்றால் ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

பெட்ரோலின் தரம்: ஜப்பானில் உயர்ரகப் பெட்ரோல் ரோன் 100 அளவு. அங்குள்ள டர்போ எஞ்சின்களும் மைவெக் போன்றவையும் அதற்கேற்பச் சரிசெய்யப்பட்டவை. அவற்றில் ரோன் 95 ஊற்றினால் எஞ்சின் தட்டும் ஆபத்து உண்டு. ரோன் 97 போட வேண்டியிருக்கும். அது மானிய விலையில் கிடைக்காது. இந்த மாதச் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பிரேக்: யாரும் பெருமை பேசாத பாகம்

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் இரண்டு மடங்கானால் காரை நிறுத்தத் தேவைப்படும் தூரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. பிரேக் அழுத்தியபின் ஓடும் தூரம் வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் நிற்க ஒரு தூரம் எடுக்கிறது என்றால், 110-இல் அதற்கு ஏறக்குறைய 1.9 மடங்கு தேவை. 140-இல் மூன்று மடங்கு.

உங்கள் பழைய காரின் பிரேக் அந்தப் பழைய எஞ்சினை மனதில் வைத்துச் செய்தது. சின்ன டிஸ்க், பின்னால் டிரம். 64 குதிரைசக்தி கான்சிலை அந்த வேகத்துக்குக் கொண்டுபோகும், ஆனால் திரும்பி நிற்க வைக்க வேண்டியது பிரேக். மூன்று, நான்கு முறை தொடர்ந்து அழுத்தினால் சின்ன பிரேக் சூடேறிப் பிடி தளரும். மிதியை அழுத்துவீர்கள், கார் நிற்காது.

அதனால் எஞ்சினுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பிரேக், டயர், சஸ்பென்ஷனுக்கு முதலிலேயே பிரித்து வையுங்கள். முடிந்தால் அதே ஹாஃப்-கட்டின் பிரேக் பாகங்களையும் சேர்த்து வாங்குங்கள். “முதல்ல எஞ்சின் ஏத்திடுவோம், பிரேக்கு அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்பதுதான் இந்தத் தொழிலில் அதிக ஆபத்தான வாக்கியம். நெடுஞ்சாலையின் உச்ச வேகம் 110. தோட்டத்துச் சாலையில் மாடும், பள்ளிப் பிள்ளைகளும், விளக்கில்லாத சைக்கிளும் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் ஒவ்வொரு காரின் பதிவிலும் சேசிஸ் எண், எஞ்சின் எண், எஞ்சின் கொள்ளளவு ஆகியவை எழுதப்பட்டிருக்கும். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், பதிவில் உள்ள விவரம் மாறினால் உரிமையாளர் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு, அதாவது ஜே.பி.ஜே-வுக்கு, தெரிவிக்க வேண்டும். எஞ்சின் மாற்றம் இதில் நேரடியாக வருகிறது.

பொதுவாக நடைமுறை இப்படி:

- எஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதில் எஞ்சின் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும்.
- இறக்குமதி எஞ்சின் என்றால் அதன் சுங்கத்துறைப் பத்திரத்தை வியாபாரியிடம் கேளுங்கள்.
- காரை அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்துக்குக் கொண்டுபோங்கள். 1994 முதல் இந்த வேலையைச் செய்துவரும் புஸ்பாகோம் நமக்குப் பழக்கமான பெயர்.
- சோதனை அறிக்கை, ரசீது, கிராண்ட், அடையாள அட்டை ஆகியவற்றோடு ஜே.பி.ஜே-வில் பதிவை மாற்றுங்கள். கார் தவணையில் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவை.
- புதிய கொள்ளளவின்படி சாலை வரி கட்டுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

ஒரு முக்கியமான ஆலோசனை: வேறு ரக எஞ்சின், டர்போ, பெரிய கொள்ளளவு என்று போவதாக இருந்தால் எஞ்சினை வாங்கும் முன்பே அருகிலுள்ள ஜே.பி.ஜே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாற்றமும் ஏற்கப்படும் என்று சொல்ல முடியாது. ஏத்திய பிறகு “முடியாது” என்று கேட்டால் பணம் முழுக்க நட்டம்.

பதிவு செய்யாவிட்டால் யாருக்குத் தெரியும்?

இது நேர்மையான கேள்வி. பதில் சொல்லிவிடுவோம்: பல வருடம் யாருக்கும் தெரியாமல் போகலாம். மலேசியாவில் தனியார் கார்களுக்கு ஜப்பான்போல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை இல்லை. அதனால்தான் பலர் துணிகிறார்கள்.

ஆனால் மூன்று நாட்களில் அது தெரியவரும்.

முதல் நாள், காரை விற்கும் நாள். பெயர் மாற்றச் சோதனையில் எஞ்சின் எண்ணைப் பதிவோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் பெயர் மாறாது. இப்படி நினைத்துப் பாருங்கள்: வீட்டில் கல்யாணச் செலவு, அவசரமாகக் காரை விற்க வேண்டும். வாங்க ஆளும் இருக்கிறார், விலையும் பேசியாச்சு. எஞ்சின் எண்ணால் எல்லாம் நின்றுபோகிறது. எட்டு வருடத்துக்கு முன் எஞ்சின் விற்ற கடையைத் தேடிப் போனால் அங்கே இப்போது தையல் கடை. ரசீது இல்லை, பத்திரம் இல்லை. ஓடும் கார், ஆனால் விற்க முடியாத கார்.

இரண்டாம் நாள், ரோட் பிளாக். எஞ்சின் எண் ஒத்துப்போகாத கார் மீது முதலில் விழும் சந்தேகம் திருட்டு. உங்கள் எஞ்சின் திருட்டுக் காரிலிருந்து வந்தது என்று தெரிந்தால், “எனக்குத் தெரியாது சார்” என்பதை நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். கையில் ரசீது இருந்தால் அது விளக்கம். இல்லாவிட்டால் வெறும் வார்த்தை.

மூன்றாம் நாள், விபத்து. இதுதான் கனமானது. காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் காரின் தன்மையை மாற்றியிருந்தால், இழப்பீட்டுக் கோரிக்கையை அவர்கள் எதிர்க்க வழி கிடைக்கிறது. எதிரே வந்தவருக்குக் காயம் என்றால், அவருக்குக் கொடுத்த தொகையைப் பிறகு உங்களிடம் கேட்கும் நிலையும் வரலாம். பழைய காருக்கு எப்படியும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும்தானே என்று சிலர் சொல்வார்கள். அந்த மூன்றாம் தரப்பு ஒரு மனிதர் என்பதை மறக்க வேண்டாம்.

வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

எஞ்சின் எண் உள்ள இடத்தைத் துடைத்துப் பாருங்கள். தேய்த்த தடம், புதிதாகக் குத்திய எழுத்து, வெல்டிங் அடையாளம் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் பசை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கரிப்பிசின் திட்டுத்திட்டாக இருந்தால் எண்ணெய் ஒழுங்காக மாற்றப்படவில்லை.

கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். எல்லா சிலிண்டரிலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால் அங்கே கோளாறு. முடிந்தால் எஞ்சினை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். டர்போ என்றால் அதன் அச்சை விரலால் அசைத்துப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் செலவு வரப்போகிறது.

எஞ்சினை ஏற்றும் முன்பே டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், எண்ணெய்க் கசிவு அடைப்பான்கள் ஆகியவற்றைப் புதிதாக மாற்றிவிடுங்கள். வெளியே இருக்கும்போது அரை நாள் வேலை. ஏற்றிய பிறகு அதுவே இரண்டு நாள்.

கடைசியாக, காரின் உடலையும் பாருங்கள். பழைய சாகா, கேஈ70 உடல்களில் துரு அடியிலிருந்து ஏறும். துருப்பிடித்த தாங்கியில் புது எஞ்சினை வைப்பது மண்சுவரில் உத்திரம் வைப்பது மாதிரி.

அப்படியானால் செய்யலாமா, வேண்டாமா?

காரை வேலைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால், அதே மாடல் எஞ்சினை ஓவர்ஹால் செய்வது அல்லது அதே ரக எஞ்சினையே மாற்றிப் பதிவது போதும். செலவு குறைவு, காகித வேலை எளிது, பிரேக்கைத் தொட வேண்டாம். பல ஃபோர்மேன்களே இதைத்தான் சொல்வார்கள், கேட்டால்.

பழைய காரை ஆசையோடு வைத்திருப்பவர், அதை இன்னும் ஒரு தலைமுறை ஓட்ட வேண்டும் என்று நினைப்பவர் என்றால், எஞ்சின் மாற்று நல்ல வழிதான். ஆனால் செலவுக் கணக்கை மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்: எஞ்சினும் வேலையும் ஒன்று, பிரேக்கும் டயரும் ஒன்று, சோதனையும் பதிவும் ஒன்று. மூன்றுக்கும் பணம் சேரும்வரை காத்திருங்கள். பழைய எஞ்சின் அதுவரை புகைத்தாலும் ஓடட்டும்.

இந்தத் தொழிலைக் கற்க ஆசைப்படும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கொட்டகையில் கற்றது வீண்போகாது. ஆனால் அதற்கு மலேசியத் திறன் சான்றிதழ் என்ற எஸ்.கே.எம் வடிவம் கொடுத்தால், கூலிமிலும் குரூனிலும் உள்ள ஆலைகளின் கதவு திறக்கும். கைக்குத் தெரிந்ததைக் காகிதமும் சொல்ல வேண்டும். காருக்கு உள்ள விதிதான் கைக்கும்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கிராண்ட்டை எடுத்து, அதில் உள்ள எஞ்சின் எண்ணையும் பானெட்டுக்குள் இருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் என்றால் கட்டாயம் பாருங்கள். ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால், விற்கும் நாளுக்கும் விபத்து நாளுக்கும் முன்பாகவே அதைச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது.